இமையம் : ஓர் எழுத்தாளர் உருவான வகை

ஓர் எழுத்தாளரைப் பற்றிப் பேசப் புகுவோர் அவர் பெற்ற பரிசுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். மாணவ நண்பர்களே, நான் ஓர் அழுக்குத் துணி மூட்டையிலிருந்து தொடங்குகிறேன். அம்மூட்டையைச் சுமப்பவள் ஆரோக்கியம் என்னும் பெண். 1994ஆம் ஆண்டு க்ரியா பதிப்பகம் வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்' என்னும் நாவலின் தலைவி அவள். அதை எழுதியவருக்கு அப்பொழுது முப்பது வயது. வெ. அண்ணாமலை என்பது அவருடைய இயற்பெயர். இமையம் என்பது புனைபெயர். மலையைக் குறிக்கும் சொல் இமயம். இவர் பெயரில் இருப்பது 'மை'. தேர்வுத் தாளில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

ஆரோக்கியத்தின் தொழில் துணி வெளுப்பது. யாருடைய துணியை வெளுக்கிறாள் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. நம் நாட்டுச் சிற்றூர்களில் ஊர் என்றும் சேரி என்றும் குடியிருப்பு இரண்டாகப் பிரிந்திருந்ததை நீங்கள் அறிவீர்கள். ஊரார் துணியை வெளுக்கும் வண்ணார் சேரிக்குள் வரமாட்டார். ஆகவே ஆதி திராவிட மக்களின் துணியை வெளுப்பதற்கென்றே தனியாக ஒரு குடும்பம் இருக்கும். அவர்களைப் புதிரை வண்ணார் என்பர். ஊரால் ஒதுக்கப்பட்ட சேரி தனக்குக் கீழே வேறொருவரை வைத்திருந்தது. நாம் சமூக ஏணி என்று பேசும்பொழுது மேற்படிகளையே எண்ணிப் பார்க்கிறோம். கடைசிப் படிக்கும் கீழே ஒருத்தி நிற்கிறாள் என்று காட்டியவர் இமையம்.

அவள் செய்யும் பணிகள் சலவையோடு முடிவதில்லை. பிள்ளைப் பேறானால் அவள் வேண்டும். பெண் பூப்பெய்தினால் அவள் வேண்டும். பிணம் விழுந்தாலும் அவள் வேண்டும். அறுவடைக் களத்தில் அவளும் அவள் கணவன் சவுரியும் நின்று உழைக்க வேண்டும். இத்தனைக்கும் கூலி என்று பணமாக ஏதும் இல்லை. மாலையில் வீடு வீடாகச் சென்று வாங்கும் சோறும், களத்தில் கிடைக்கும் தானியப் பங்குமே வருவாய். கொடுப்பவர் மனம் வைத்தால் மரக்கால் நிறையும். மனம் வைக்காவிட்டால் குறையும். அவளோ கணக்குக் கேட்க முடியாது, கெஞ்சத்தான் முடியும். நாவல் முழுவதும் அந்தக் கெஞ்சும் குரலை நாம் கேட்கிறோம். அதே வாய் அடுத்த கணம் சாபமிடும், பிறகு சிரிக்கும், பிறகு ஒப்பாரி வைக்கும்.

கதையின் தொடக்கத்தில் இக்குடும்பம் அந்தோணியார் கோவிலுக்கு யாத்திரை போகிறது. உள்ளத்தில் நம்பிக்கை இருக்கிறது. போகப் போக ஒவ்வொன்றாகக் கழல்கிறது. மகன் மனைவியோடு பிரிந்து போகிறான். மகள் மேரிக்குக் கொடுமை நேர்கிறது. அதை வெளியே சொல்லவும் வழியில்லை. இவற்றினும் கொடியது மெல்ல வருகிற மற்றொன்று. ஊரில் சலவைக் கடை திறக்கிறார்கள். மக்கள் தாமே சோப்பு வாங்கித் துவைத்துக்கொள்கிறார்கள். களத்தில் தானியப் பங்கு சுருங்குகிறது. ஆரோக்கியத்தின் அடிமைத்தனம் ஒழிகிறது என்று நாம் மகிழலாம் அல்லவா? மகிழ முடியவில்லை. அவளைப் பிணித்திருந்த கயிறே அவளுக்குச் சோறு போட்ட கயிறு. அது அறும்பொழுது பிடித்துக்கொள்ள வேறு கயிற்றை யாரும் நீட்டவில்லை. காலம் முன்னேறும்பொழுது அந்த முன்னேற்றத்தின் விலையை யார் செலுத்துகிறார் என்னும் கேள்வியைப் பொருளாதாரப் பாடநூல் பத்து வரியில் சொல்லிவிடும். ஆரோக்கியத்தின் அடுப்பைக் காட்டிச் சொல்வது நாவலுக்கே இயல்வது.

கோவேறு கழுதை என்பது குதிரையும் கழுதையும் கலந்து பிறக்கும் விலங்கு. பொதி சுமக்கும், தனக்கென்று வழிமுறை இல்லாதது. தலைப்பின் பொருளை இதற்கு மேல் நான் விரிப்பது முறையன்று.

இனி இவரை உருவாக்கியவை எவை என்று காண்போம். 1964ஆம் ஆண்டு, அப்பொழுது தென்னார்க்காடு என்று வழங்கிய மாவட்டத்தில் பிறந்தவர் இமையம். பின்னர் விருத்தாசலத்தில் வாழ்ந்து பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். ஆலங்காயம் அப்பொழுது வடார்க்காட்டில் இருந்தது. இரு ஆர்க்காடுகளும் இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. ஆயினும் பேச்சில் உறவு நீங்கவில்லை. அவருடைய கதை மாந்தர் பேசுவதை நம் பக்கத்துப் பாட்டி ஒருத்தி படித்துக் கேட்டால், பொருள் விளங்காத சொல் மிகச் சிலவாகவே இருக்கும்.

பாதிப்பு என்றவுடன் எந்தெந்த நூல்களைப் படித்தார் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியதே. ஆனால் அதற்கு முன்னே, எவற்றைக் கேட்டு வளர்ந்தார் என்று வினவ வேண்டும். அந்த மண்ணில் தெருக்கூத்து இரவு முழுவதும் நடக்கும். சாவு வீட்டில் ஒப்பாரி எழும். ஒப்பாரியை நாம் அழுகை என்று எண்ணிவிடுகிறோம். அஃது எழுத்தறியாப் பெண்டிர் தாமே இயற்றிப் பாடும் இலக்கியம்; இறந்தவனுடைய பெருமையும், பாடுகிறவளுடைய குறையும், உறவினர் செய்த வஞ்சனையும் அதில் ஓர் ஒழுங்கில் வந்து விழும். ஆரோக்கியத்தின் புலம்பல்களைப் படிப்பவர், எழுதியவர் இவற்றைக் காது கொடுத்துக் கேட்டவர் என்பதை ஐயமின்றி உணர்வர். 2006இல் வெளிவந்த 'செடல்' நாவலுக்குக் கூத்தே களமாயிற்று. மழை பொய்த்த ஊர், மழை வேண்டித் தெய்வத்துக்குப் பொட்டுக் கட்டி விட்ட சிறுமி ஒருத்தியின் கதை அது. அவள் வளர்ந்து கூத்தாடுகிறாள்.

காது மட்டும் இருந்தால் போதுமா? நம் ஊரிலும் ஒப்பாரி கேட்டவர் பலர் உண்டு. எல்லாரும் நாவலாசிரியர் ஆகவில்லை. இங்கே ஓர் ஆசிரியர் வருகிறார். இமையம் திருச்சியில் கல்லூரி மாணவராக இருந்தபொழுது ஆங்கிலப் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட் என்பவரின் தொடர்பு கிடைத்தது. உலக இலக்கியத்தில் ஆழ்ந்தவர். தாம் எழுதியதைவிடப் பிறரைப் படிக்கச் செய்ததே மிகுதி. அவரைத் தம் ஆசான் என்று இமையம் பலமுறை நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். ஒரு சிற்றூர் மாணவனுக்கு உலக நாவல்களைக் காட்டுவதனால் விளையும் பயன் யாது? அவற்றைப் பார்த்து அப்படியே எழுதுவதன்று. உருசியச் சிற்றூரின் குடியானவனும், சிறு எழுத்தனும், வண்டிக்காரனும் பெரும் நூல்களுக்குத் தலைவராக இருக்கக் கண்டால், தன் தெருவில் மூட்டை சுமந்து செல்பவளும் தலைவியாகத் தக்கவள் என்னும் துணிவு பிறக்கும். நல்லாசிரியர் கொடுப்பது அத்துணிவையே.

தமிழிலும் வழி திறந்திருந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சை எழுத்தில் அமர்த்தியிருந்தார். பூமணி 1979இல் 'பிறகு' என்னும் நாவலைத் தந்திருந்தார். அதன் தலைவன் அழகிரி, தோல் தொழில் செய்பவன்; தோல் நகரங்கள் சூழ வாழும் நாம் அந்நூலை அவசியம் அறிந்திருக்க வேண்டும். இம்முன்னோர் இல்லாமல் இமையம் இல்லை. எனினும் அவர் பேசிய இடம் வேறு. தம்மைவிடக் கீழே வைக்கப்பட்டவளின் பக்கம் நின்று, தம் மக்களையே நோக்கி அவர் எழுதினார்.

இதனால்தான் அவருக்கு எதிர்ப்பும் எழுந்தது. இமையம் ஆதி திராவிடர் சமூகத்தில் பிறந்தவர். தொண்ணூறுகள் அச்சமூகத்து எழுத்தாளர் பலர் தம் மக்களின் துயரத்தை உலகறியச் செய்துகொண்டிருந்த காலம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. அவ்வேளையில், ஒடுக்கப்பட்டவரிடையேயும் ஒடுக்குவோர் உண்டு என்று ஒரு நாவல் சொன்னால் என்னவாகும்? பகைவர் கையில் ஆயுதம் கொடுத்துவிட்டார் என்று சிலர் குறை கூறினர். சுந்தர ராமசாமி போன்ற மூத்த எழுத்தாளர் அந்நூலை வெகுவாக உயர்த்திப் பேசியதும் வாதத்தை வளர்த்தது. குறை கூறியவர்களின் அச்சம் அடியோடு பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். பழிக்கக் காத்திருப்பவர் எதையும் பயன்படுத்திக்கொள்வர். ஆனால் மேரிக்கு நேர்ந்ததை, இனத்தின் பெருமை கருதி மறைத்திருந்தால், அந்த மறைப்பு யாரைக் காப்பாற்றியிருக்கும்? மேரியை அன்று. என் தீர்ப்பு எழுத்தாளரின் பக்கமே. தம்மைத் தலித் எழுத்தாளர் என்று முத்திரையிட்டு அழைப்பதையும் அவர் ஏற்கவில்லை. எழுத்தாளர் என்று மட்டும் சொன்னால் போதும் என்பது அவர் நிலை.

மூன்றாவது பாதிப்பு, வெளியீட்டாளர். மாணவர்கள் இதை நினைப்பதே இல்லை. கையெழுத்துப் படி நேரே அச்சுக்குப் போய்விடுவதாகக் கருதுகிறார்கள். க்ரியா ராமகிருஷ்ணன் படியைச் சொல் சொல்லாகப் பார்த்து, ஆசிரியரோடு அமர்ந்து விவாதித்துச் செப்பம் செய்யும் வழக்கமுடையவர். 1992இல் தற்காலத் தமிழுக்கென்று அகராதி வெளியிட்டவரும் அவரே. எழுத்துத் தமிழுக்கு அகராதி கண்ட அதே பதிப்பகம், இரண்டே ஆண்டில் பேச்சுத் தமிழ் நிறைந்த நாவலை வெளியிட்டதைக் கவனியுங்கள். தமிழை அறிந்து போற்றுவோருக்கு இவ்விரண்டும் பகையல்ல. ராமகிருஷ்ணன் 2020 நவம்பரில் காலமானார். அவ்வகராதியின் விரிவாக்கிய புதிய பதிப்பும் அதே மாதத்தில்தான் வந்தது.

பேச்சு மொழியைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். முதல் நாவலில் பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசுவர்; ஆசிரியர் கூற்றோ எளிய எழுத்துத் தமிழில் நடக்கும். 2015இல் வந்த 'எங் கதெ'யில் இந்த வேலி இல்லை. கதை சொல்பவன் தொடங்கியது முதல் முடிக்கும் வரை பேச்சிலேயே கொட்டுகிறான். தலைப்பைப் பாருங்கள்: கதை என்பது 'கதெ' என்று இருக்கிறது. ஐகார ஈறு பேச்சில் எகரமாவது நம் நாவில் நாள்தோறும் நிகழ்வது. மலையை 'மலெ' என்றும் தலையை 'தலெ' என்றும் சொல்கிறோம். இலக்கணம் அறியாதவர் செய்யும் பிழை என்று அதைத் தள்ளிவிடுவோரும் உண்டு. அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு இருக்கும் இடத்தில் இலக்கணமும் இருக்கிறது. கட்டுரையில் அப்படி எழுதலாமா என்றால், கூடாது. கட்டுரை எல்லா வட்டாரத்தார்க்கும் பொது. நாவலிலோ, மனிதனைப் பேசவிட்டால்தான் அவன் இன்னான் என்று தெரியும்.

1999இல் வந்த 'ஆறுமுகம்', தாயைப் பிரிந்து போகும் சிறுவனைப் பற்றியது. சிறுகதைத் தொகுதிகளும் பல உள. இவற்றைக் கடந்து, மூன்று படைப்புகளை மட்டும் சற்று நின்று பார்ப்போம்.

ஒன்று 'பெத்தவன்' என்னும் நெடுங்கதை. 2012 செப்டம்பரில் வெளியாயிற்று. மகள் ஆதி திராவிட இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். அவளைக் கொன்றுவிட வேண்டும் என்று சாதியார் கூடித் தந்தைக்கு ஆணையிடுகின்றனர். தந்தை பழனி ஓர் இரவுக்குள் முடிவெடுக்க வேண்டும். மகளை அவன் கொல்லவில்லை. அவளைத் தப்பிப் போகச் செய்துவிட்டு, தன் உயிரை விடுகிறான். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், நமக்கு அண்டையில் உள்ள தர்மபுரி மாவட்டத்தில், ஒரு கலப்பு மணத்தைக் காரணமாகக் கொண்டு நத்தம் காலனியும் அதன் பக்கத்துக் குடியிருப்புகளும் தீக்கிரையாக்கப்பட்டன. கதை முன்னே வந்தது; நிகழ்ச்சி பின்னே வந்தது. இதை வைத்து எழுத்தாளரைத் தீர்க்கதரிசி என்று சிலர் வியந்தனர். எனக்கு அவ்வியப்பு இல்லை. ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, அது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருந்தது.

இரண்டாவது 2018இல் வந்த 'செல்லாத பணம்'. இதில் வரும் நடேசன் ஒரு தலைமை ஆசிரியர். ஆகையால் நான் இந்நூலைப் பிறரைவிடச் சற்றுக் கூர்ந்து படித்தேன். அவர் மகள் ரேவதி பொறியியல் படித்தவள். ஆட்டோ ஓட்டும் ரவியை மணந்துகொள்கிறாள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் அவன். சில ஆண்டுகளில் ரேவதி தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருப்பதே. தந்தையின் கையில் பணம் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு மகளைத் தருவார் யாருமில்லை. நடேசன் தீயவர் அல்லர். ஊராருக்கு முன் தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்று எண்ணியவர். மகள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தவர். அவரை ஆசிரியர் ஓரிடத்திலும் திட்டவில்லை. அவரைக் காத்திருக்க வைக்கிறார். என்னைக் கேட்டால், இமையத்தின் கலை முதிர்ச்சி அங்கேதான் தெரிகிறது. ரேவதிக்கு என்ன நேர்ந்தது என்பதைக்கூட அவர் தெளிவாக முடித்துச் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கின்றனர். இந்நாவலுக்கே 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கனடா இலக்கியத் தோட்டத்தின் இயல் விருது அதற்கு முன்பே, 2018ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. கர்நாடகத்தின் குவெம்பு தேசிய விருது 2022இல் வந்தது.

மூன்றாவது 'வாழ்க வாழ்க' என்னும் சிறு நாவல். இமையம் திராவிட இயக்கத்தின்பால் தமக்குள்ள பற்றை என்றும் மறைத்ததில்லை. அகாதெமி விருதையும் அவ்வியக்கத்துக்கே உரியதாக்கிப் பேசினார். கட்சிப் பற்றுள்ளவர் அரசியலை எழுதினால் பிரசாரமாகிவிடும் என்பர். இந்நூலோ, கூட்டத்துக்கு ஆள் சேர்த்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்ட பெண்கள், தலைவரின் வருகைக்காகக் கொளுத்தும் வெயிலில் காத்திருப்பதைச் சொல்கிறது. நாற்காலிக்கு வரும் சண்டையில் சாதி வெளிப்படுகிறது. அவர்கள் வாங்கும் சிறு தொகைக்கு எவ்வளவு வியர்வை என்பது தெரிகிறது. மேடையில் இருப்பவரைவிடக் கீழே உட்கார்ந்திருப்பவளையே அவர் கண் நாடுகிறது. ஆரோக்கியத்தைக் கண்ட கண் அது. கால் நூற்றாண்டு கழிந்தும் மாறவில்லை.

'கோவேறு கழுதைகள்' லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2001இல் வெளிவந்தது. ஒப்பாரியை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுபோவது என்பது ஒரு தனிப் பேச்சுக்கு உரிய பொருள். கல்லூரியில் ஆங்கிலம் பயில்வோர் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பருவத்துக்குரிய பாடம் கிடைக்கும்.

இவ்வளவும் விருத்தாசலத்துக் கதைதானே, நமக்கு என்ன என்று ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு மாணவர் கேட்கலாம். நம் பாலாற்றங்கரையிலும் ஆரோக்கியத்தின் கதை வேறு உருவில் நடந்திருக்கிறது. கவலை இறைக்கத் தோற்பை தைத்தவருக்கும், செருப்பும் பறையும் செய்தவருக்கும் களத்தில் பங்கு இருந்தது. மின்சார மோட்டார் வந்தது, தோல் மண்டிக்கும் தொழிற்சாலைக்கும் போயிற்று, பங்கு நின்றது. அவர்களின் பேரன் பேத்திகள் இன்று காலணிக் கம்பெனிகளில் வேலை செய்கின்றனர். ஆலங்காயத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பொழுது விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்காகச் சோற்றுப் பையோடு நிற்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலருக்கு அவர் தாயாகவோ தமக்கையாகவோ இருப்பார். பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் 'தகப்பன் கொடி' முதலிய நூல்களில் இம்மண்ணின் மக்களை எழுதியிருக்கிறார். இன்னும் எழுதப்படாதவை நிரம்ப உண்டு. சுண்ணாம்புக் குழியில் நின்ற கால்களைப் பற்றியும், அந்த நாற்றத்தோடு பஸ்ஸில் ஏறியவர் அருகே யாரும் உட்காராமல் இருந்ததைப் பற்றியும் எத்தனை பக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன?

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்பீர்கள். பள்ளி மாணவர்கள் 'பெத்தவ'னை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே அமர்வில் படித்து முடிக்கக் கூடியது. கல்லூரி மாணவர்கள் நேரே 'கோவேறு கழுதைக'ளுக்குச் செல்லலாம். முதல் இருபது பக்கம் மெதுவாக நகரும். கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டுப் படியுங்கள், நடை பிடிபடும். விளங்காத சொல் வந்தால் வீட்டில் உள்ள முதியவரைக் கேளுங்கள். களத்து வேலை பற்றிய சொற்களையும், துணி வெளுப்பது பற்றிய சொற்களையும் அவர்கள் சொல்லும்பொழுது ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். அவற்றில் பல, அகராதிகளில் இன்னும் ஏறாதவை.